ஆம்பியன்ட் என்றால் சூழிசை

மின்னணு இசை கேட்பவர்கள் வாயில் புழங்கும் சொற்கள் எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டும் என்று நான் நினைப்பதில்லை. டெக்னோ, ஹவுஸ், டப் எல்லாம் ஜாஸ், ராக் போல வெறும் பெயராகவே நிலைத்துவிட்டவை. ஹவுஸ் என்பது சிகாகோவில் இருந்த வேர்ஹவுஸ் என்ற நடன விடுதியின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள்; அதை ‘வீட்டிசை’ என்று எழுதினால் சிரிப்புத்தான் வரும். ஆனால் ஆம்பியன்ட் என்ற இசை வகையின் பெயர் அப்படிப்பட்டது இல்லை. அந்த இசை என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் சொல் அது. பொருள் தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தால், அந்த இசையில் பாதியை விட்டுவிடுகிறோம்.

வேர் இலத்தீன். ‘அம்பி’ என்றால் சுற்றி, இருபுறமும். ‘ஈரே’ என்றால் போதல். இரண்டும் சேர்ந்து ‘அம்பீரே’: சுற்றிவருதல், சூழ்தல். அதிலிருந்துதான் சுற்றி இருப்பதைக் குறிக்கும் ஆம்பியன்ட். அறிவியலில் சுற்றுப்புற வெப்பநிலையைச் சொல்லவும் இதே சொல்தான். பிரெஞ்சு வழியாக வந்த இதன் தங்கை ஆம்பியன்ஸ்; ‘இடம் நல்லா இருக்கு, ஆம்பியன்ஸ் பிரமாதம்’ என்று நாம் தினமும் சொல்வது அதைத்தான்.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு பிள்ளையும் உண்டு. பழைய ரோமில் தேர்தலில் நிற்பவர் ஊரைச் சுற்றிவந்து வாக்குக் கேட்பார். அப்படிச் சுற்றிவருவதற்கு ‘அம்பிதியோ’ என்று பெயர். பதவி ஆசையையும் பேராவலையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ஆம்பிஷன் அங்கிருந்து வந்தது. அதாவது, கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு கேட்கிற இசையின் பெயரும், நாற்காலியைப் பிடிக்க ஓடுகிறவனின் குணத்தின் பெயரும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

சரி, இசைக்கு இந்தப் பெயரை யார் வைத்தது? பிரையன் ஈனோ. ராக்சி மியூசிக் என்ற இங்கிலாந்து ராக் குழுவில், மின்னணு முறையில் ஒலி எழுப்பும் சிந்தசைசர் வாசித்துவிட்டு வெளியே வந்தவர். 1975 தொடக்கத்தில் லண்டனில் ஒரு டாக்சி மோதிப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பார்க்க வந்த தோழி ஒருவர், 18ஆம் நூற்றாண்டு யாழிசை அடங்கிய இசைத்தட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். (ஹார்ப்பை யாழ் என்று எழுதலாம், இதில் சண்டை வேண்டாம்.) ஈனோ பாடுபட்டு எழுந்து தட்டைச் சுழலவிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். அப்புறம்தான் தெரிந்தது, ஒலி மிகமிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது என்று. இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒன்று வேலையும் செய்யவில்லை. எழுந்துபோய்ச் சரிசெய்ய உடம்பில் தெம்பில்லை. வெளியே மழை. மழையின் இரைச்சலுக்கு மேலே யாழின் உரத்த சுரங்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டிப் பார்த்தன. மழைச் சத்தமும் அறையின் வெளிச்சமும் எப்படி அந்த இடத்தின் பகுதியோ, அப்படி இசையும் இடத்தின் பகுதியாக இருக்க முடியும் என்று அப்போது தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார். அந்த ஆண்டே வந்த ‘டிஸ்கிரீட் மியூசிக்’ தட்டின் உறைக் குறிப்பில் இந்தக் கதை இருக்கிறது.

அதற்கு அவர் அப்போது ஆம்பியன்ட் என்று பெயர் வைக்கவில்லை. பெயர் வந்தது 1978இல், ‘ஆம்பியன்ட் 1: மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ தட்டோடு. ஜெர்மனியின் கொலோன் விமான நிலையத்தில் காத்திருந்தபோது, இவ்வளவு நல்ல கட்டடத்தில் இவ்வளவு மோசமான இசையா என்று தோன்றியதில் பிறந்த எண்ணம். இதன் இரண்டாம் பகுதியை எப்படிச் செய்தார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பெண் குரல்களில் ஒவ்வொரு சுரமாக ‘ஆ’ என்று பாடவைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி ஒலிநாடாச் சுருளாக ஒட்டினார். சுருள்கள் மிக நீளம். பதிவுக்கூடத்தில் கிடந்த அலுமினிய நாற்காலிக் கால்களைச் சுற்றிவந்துதான் கருவிக்குள் நுழைந்தன. ஒரு சுருள் 23½ நொடியில் சுற்றி முடியும், இன்னொன்று 25⅞ நொடியில், மற்றொன்று 30 நொடிக்குச் சற்றுக் குறைவாக, 29 15/16 நொடியில். எல்லாவற்றையும் ஓடவிட்டுவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார். சுரங்கள் தாமாகச் சந்தித்தன, தாமாகப் பிரிந்தன. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இந்த மூன்று சுருள்கள் மட்டும் ஒரே நேரத்தில் கிளம்பினால், மறுபடி மூன்றும் ஒரே நொடியில் தொடங்கக் கிட்டத்தட்ட 27 நாள் ஆகும். தட்டில் நாம் கேட்பது அதில் ஒன்பது நிமிடத்துக்கும் குறைவு.

உறைக் குறிப்பில் ஈனோ ஒரு கோடு கிழிக்கிறார். கடைகளிலும் மின்தூக்கிகளிலும் ஓடுகிற மியூசாக் வகை இசை, இடத்தின் இயல்பை மூடிமறைத்து எல்லா இடத்தையும் ஒன்றுபோல ஆக்குகிறது. தன்னுடையது இடத்தின் இயல்பைத் தூக்கிக் காட்ட வேண்டும். கவனித்துக் கேட்டாலும் அதில் சுவை இருக்க வேண்டும், கவனிக்காமல் விட்டாலும் அது கோபித்துக்கொள்ளக் கூடாது. தமிழ்ச் சொல் தேடும்போது இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடக் கூடாது.

இந்த எண்ணம் ஈனோவுக்கு முன்பே ஒருவருக்கு இருந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சத்தி 1917இல் ‘அறைகலன் இசை’ என்று பொருள்படும் பெயரில் சில சிறு துண்டுகளை எழுதினார். மேசை நாற்காலி போல இசையும் அறையில் சும்மா கிடக்க வேண்டும். 1920இல் பாரிஸில் ஓர் ஓவியக்கூடத்தில், நாடகத்தின் இடைவேளையில் வாசித்தார்கள். இசை கேட்டதும் கூட்டம் வாயை மூடிக்கொண்டு பயபக்தியோடு கேட்க ஆரம்பித்துவிட்டது. ‘பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள்’ என்று சத்தி கத்த வேண்டியதாயிற்று. இசையமைப்பாளர் ஒருவர் கூட்டத்தைப் பார்த்து இப்படிக் கெஞ்சிய வேறு சம்பவம் எனக்குத் தெரியாது.

1980களின் இறுதியில் சொல் நடன அரங்குக்குள் நுழைந்தது. லண்டனின் ஹெவன் விடுதியில், ஆடிக் களைத்தவர்கள் ஓய்வெடுக்கும் அறையில் தி ஆர்ப் குழுவின் அலெக்ஸ் பேட்டர்சன் தாளமில்லாத இசையை அடுக்கடுக்காகக் கலந்து ஓடவிட்டார். 1990இல் தி கேஎல்எஃப் குழு ‘சில் அவுட்’ தட்டை வெளியிட்டது. 1992இல் ஏஃபெக்ஸ் ட்வின் என்கிற ரிச்சர்ட் ஜேம்ஸின் ‘செலக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ் 85–92’ வந்தது. தலைப்பில் ஆம்பியன்ட் இருந்தாலும் அதில் பெரும்பாலும் தாளம் துடிக்கும். ஈனோவின் கோட்டுக்கு அது கொஞ்சம் வெளியேதான். கோட்டுக்கு உள்ளே வருவது 1994இல் வந்த இரண்டாம் தொகுதி. ஒன்றைத் தவிர எதற்கும் பெயர்கூட வைக்காமல் படங்களை மட்டும் போட்டிருந்தார். என்னைக் கேட்டால் அவருடைய தட்டுகளில் முதலிடம் இதற்குத்தான், மற்றவர்கள் முதல் தொகுதியைக் கொண்டாடட்டும்.

இனி தமிழுக்கு வருவோம். கைவசம் நான்கைந்து சொற்கள் உலவுகின்றன.

‘பின்னணி இசை’ கூடவே கூடாது. நமக்கு அது திரைப்படத்தில் காட்சிக்குப் பின்னால் ஓடுவது. அழ வேண்டிய இடத்தில் வயலின் வைத்து அழவைப்பது. ஆம்பியன்ட் அப்படி யாருக்கும் உணர்ச்சியைச் சொல்லிக்கொடுக்காது. ‘அமைதி இசை’, ‘தியான இசை’ இரண்டும் கேட்பவரின் மனநிலையைச் சொல்கின்றன, இசையின் தன்மையை அல்ல. போதாததற்கு, இந்த வகையில் நடுங்க வைக்கும் இசையும் ஏராளம். டார்க் ஆம்பியன்ட்டை ‘இருண்ட அமைதி இசை’ என்றால் சுடுகாட்டு நினைவுதான் வரும். ‘மென்னிசை’ வேறொன்றுக்கு ஏற்கெனவே போய்விட்டது.

‘சூழல் இசை’ கிட்டத்தட்டச் சரி. ஆனால் சூழல் என்றதும் இன்று நம் காதில் சுற்றுச்சூழல்தான் விழுகிறது. மரம் நடச் சொல்லும் பாட்டோ என்று யாராவது கேட்டால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஜப்பானியர்கள் இந்தச் சிக்கலைப் பொருட்படுத்தவில்லை. அங்கே இதன் பெயர் ‘கான்க்யோ ஒங்காகு’, நேராகச் சுற்றுச்சூழல் இசை. ‘கான்’ என்ற எழுத்துக்கு வளையம் என்பதுதான் பொருள், ஆக அங்கேயும் சுற்றல் இருக்கிறது. ஹிரோஷி யோஷிமுரா 1982இல் வெளியிட்ட ‘மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்’ இந்த வகையின் அழகான தட்டுகளில் ஒன்று.

எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘சூழிசை’. சூழ் என்ற வினைச்சொல்லோடு இசை சேர்ந்தது, இலக்கணத்தில் வினைத்தொகை. எரிமலை, ஓடுதளம் போல. எரிமலை என்றால் எரிந்த மலை, எரிகிற மலை, எரியும் மலை மூன்றும்தான். காலம் காட்டும் உறுப்பு மறைந்திருப்பதால் மூன்று காலத்துக்கும் பொருந்தும். சூழிசையும் அப்படியே: சூழ்ந்த இசை, சூழ்கின்ற இசை, சூழும் இசை. எங்கே தொடங்கியது, எப்போது முடியும் என்று தெரியாமல் சுழலும் அந்த நாடாச் சுருள்களுக்கு, காலம் காட்டாத சொல்லைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்? ‘சூழல் இசை’யில் இந்த வசதி இல்லை.

சூழ் என்ற வேரில் இன்னொரு விசேஷம் இருக்கிறது. அதற்குச் சுற்றுதல் மட்டும் பொருள் இல்லை. ஆழ்ந்து எண்ணுதல், ஆராய்தல் என்ற பொருளும் உண்டு. ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று குறள் சொல்லும்போது சூழ்ச்சி என்பது நல்ல சொல், கலந்து ஆலோசிப்பது. பிற்பாடுதான் அது சதிவேலையாகச் சுருங்கியது. ரோமில் சுற்றிவருதல் பதவி ஆசையில் போய் முடிந்தது, இங்கே சூழ்தல் சதியில் போய் முடிந்தது. இரண்டு மொழிகளுக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாமலே இது நடந்திருக்கிறது. ஆனால் தமிழ் வேரில் எண்ணுதல் கூடுதலாக இருப்பது, கவனிக்கவும் செய்யலாம், விட்டும்விடலாம் என்ற ஈனோவின் இரு பாதிக்கும் இடம் கொடுக்கிறது: சுற்றி நிற்கும் இசை, உட்கார்ந்து எண்ணவும் வைக்கும் இசை.

ஓர் எச்சரிக்கை. நாலாபுறமும் ஒலிபெருக்கி வைத்துக் கேட்கும் சரவுண்ட் சவுண்டைச் சிலர் ‘சூழொலி’ என்கிறார்கள். அது ஒலி வரும் திசையைப் பற்றியது, கருவி சம்பந்தப்பட்டது. சூழிசையை ஒற்றை ஒலிபெருக்கியிலும் கேட்கலாம். ஈனோ படுக்கையில் கேட்டதே அப்படித்தானே.

புழக்கத்தில் எப்படி வைப்பது? தட்டின் பெயரைத் தொடாமல் அப்படியே எழுதலாம். வகையைச் சொல்லும்போது சூழிசை. டார்க் ஆம்பியன்ட் ‘இருட் சூழிசை’. ஆம்பியன்ட் டெக்னோ ‘சூழிசை டெக்னோ’, ஏனென்றால் டெக்னோ பெயர், அதை விட்டுவிடலாம். ‘சூழிசைக் கலைஞர்’, ‘சூழிசைத் துண்டு’ எல்லாம் இயல்பாகவே வந்து விழுகின்றன.

ராக் குழுக்களைப் பற்றி எழுதும்போதுதான் இந்தச் சொல் அதிகம் உதவுகிறது. டேவிட் போவியின் ‘லோ’ (1977) தட்டின் இரண்டாம் பக்கத்தில் பாட்டு என்று சொல்ல அதிகம் இல்லை. ஈனோவும் சேர்ந்து செய்த அது சூழிசைக்கு மிக அருகில் நிற்பது. ஸ்லோடைவ் குழுவின் ‘சூவ்லாக்கி’ (1993) தட்டிலும் இரண்டு பாடல்களில் ஈனோவின் கை இருக்கிறது; கிட்டார்கள் புகைமாதிரி பரவுவதைச் சொல்ல எனக்கு வேறு சொல் கிடைப்பதில்லை. ரேடியோஹெட்டின் ‘கிட் ஏ’ (2000) தட்டின் நடுவில் ‘ட்ரீஃபிங்கர்ஸ்’ என்று ஒன்று வரும். எட் ஓப்ரையன் வாசித்த கிட்டாரைத் துண்டு துண்டாக எடுத்து நீட்டிச் செய்தது. குரல் இல்லை, தாளம் இல்லை. முதல்முறை கேட்டபோது, முந்தைய பாட்டு முடிந்து தட்டு நின்றுவிட்டது என்று நினைத்து எழுந்து போனேன். கருவியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிட்டப் போய்க் காது வைத்தபோது, அறைக்குள் ஏற்கெனவே ஒன்றரை நிமிடமாக இசை இருந்திருக்கிறது.