ஓ.ஆர்.எஸ். தண்ணீரில் சர்க்கரை எதற்கு?

“வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு அட்டைப் பெட்டியில் ஜூஸ் மாதிரி விற்பதைக் கொடுக்கலாமா? ஓ.ஆர்.எஸ்.ஸும் சர்க்கரைத் தண்ணீர்தானே?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஓ.ஆர்.எஸ். என்பது பேதியில் போன நீரை ஈடுகட்டக் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல். உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவில் இல்லாத எந்தப் பானமும் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று பெயர் போட்டுக்கொள்ளக் கூடாது என 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அதைப் படித்துவிட்டு வந்த கேள்வி.

கொடுக்கக் கூடாது. ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை இருப்பது ருசிக்காகவும் இல்லை, தெம்புக்காகவும் இல்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது.

நாம் குடிப்பது, எச்சில், இரைப்பை நீர், பித்தநீர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது லிட்டர் நீர் குடலுக்குள் இறங்குகிறது. கிட்டத்தட்ட முழுவதையும் குடல் உறிஞ்சிவிடும். தண்ணீருக்குத் தனியாகப் போகத் தெரியாது; உப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போகும். காலராக் கிருமியின் நஞ்சு இந்த இடத்தில்தான் கைவைக்கிறது. குடல் செல்களிலிருந்து உப்பின் ஒரு பகுதியான குளோரைடு கொட்டத் தொடங்கும். உப்பின் இன்னொரு பகுதியான சோடியமும் தண்ணீரும் பின்னாலேயே வெளியேறும். உப்பு உள்ளே போகும் வழக்கமான கதவும் மூடிக்கொள்ளும். வெறும் உப்புத் தண்ணீரைக் குடித்தால் அது அப்படியே வெளியே வந்துவிடும்.

ஆனால் நஞ்சு தொடாத கதவு ஒன்று இருக்கிறது. குடல் செல்லின் சுவரில் இருக்கும் எஸ்.ஜி.எல்.டி.1 என்ற புரதம். நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் சேராமல் கிளம்பாது. முதலில் இரண்டு சோடியம் ஏறி உட்கார வேண்டும். அவை உட்கார்ந்ததும் புரதத்தின் வடிவம் லேசாக மாறி, குளுக்கோஸுக்கு ஓர் இடம் அமையும். குளுக்கோஸும் வந்து அமர்ந்தால் புரதம் திரும்பிக்கொண்டு மூன்றையும் செல்லுக்குள் இறக்கிவிடும். குளுக்கோஸ் வராவிட்டால் சோடியத்துக்கு இந்த வழியில் பயணமில்லை. செல்லின் மறுபக்கத்தில் ஒரு பம்பு உள்ளே வந்த சோடியத்தை ஓயாமல் ரத்தத்தின் பக்கம் இறைத்துக்கொண்டே இருக்கிறது. அதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. குடலிலிருந்து உள்ளே வர எப்போதும் ஓர் இறக்கம். அந்த இறக்கத்தில் சோடியம் உருள, குளுக்கோஸ் கூடவே வர, பின்னால் தண்ணீர் வருகிறது. உடம்பைக் கிருமி சூறையாடிக்கொண்டிருக்கும்போதும் இந்தக் கதவு நிதானமாகத் தன் வேலையைச் செய்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இதனால்தான் அளவு முக்கியம். ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. மோல் கணக்கில், அதாவது எண்ணிக்கையில், இரண்டும் சமம்: சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் 75. கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும்; சோடியத்தில் ஒரு பங்கு சிட்ரேட்டிலிருந்து வருகிறது. சர்க்கரை பல மடங்கு ஏறினால் உறிஞ்சப்படாதது குடலில் தங்கி, ரத்தத்திலிருந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். பேதி கூடும். ஜூஸில் நடப்பது இதுதான். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கூடக் கொடுக்கலாம், ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாக ஆகாது.

காலரா நஞ்சை 1959-இல் நிரூபித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே பயணிக்கின்றன என்று 1960-இல் பிராக் நகரில் எடுத்துவைத்தவர் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கிரேன். 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்திருந்த, மேற்கு வங்க எல்லை ஊரான பன்காவில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனபிஸ் குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் கலந்து டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களே புகட்டும்படி செய்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. சர்க்கரை செல்லுக்குள் எப்படிப் போகிறது என்று கிரேன் தேடியபோது மனதில் காலரா இல்லை. “இதனால் உடனே என்ன பயன்?” என்று கேட்டே ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இந்தக் கதையைப் படிக்க வேண்டும் என்று மனதாரச் சொல்வேன்.

எங்கள் தெருவில் இரண்டு வயதுப் பையனுக்கு வாந்தியும் பேதியும். “தண்ணி கொடுத்தா இன்னும் போகும்” என்று பாட்டி தடுத்துவிட்டார். வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கவும் கூட்டிப் போய்வந்தார்கள். நான் பார்த்தபோது கண் உள்ளே போயிருந்தது, அழுதான், கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் படிந்தது. தொக்கம் எடுப்பவர் குழாய் வைத்து உறிஞ்சிக் காட்டும் துணுக்கு குழந்தையின் வயிற்றிலிருந்து வருவதே இல்லை. அந்த நம்பிக்கையில் போன அரை நாள்தான் ஆபத்து.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் அதே அளவுக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை முழுதாகக் கொட்டிக் கலக்கினோம். பாதி பாக்கெட், அரை டம்ளர் என்ற கண்ணளவு கூடாது. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். நடுவில் வாந்தி எடுத்தான். பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக. அப்புறம் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு, வழியிலும் ஸ்பூன் நிற்கவில்லை. அங்கே பதினான்கு நாளைக்கு ஜிங்க் மாத்திரையும் எழுதினார்கள். குழந்தை மயங்கிக் கிடந்தால், குடிக்கவே முடியாவிட்டால், மலத்தில் ரத்தம் இருந்தால் ஒரு நிமிடமும் வீட்டில் தாமதிக்கக் கூடாது.

ராத்திரி எட்டு மணிக்குப் பாட்டி போன் செய்தார். “தம்பி, இப்பதான் ஒண்ணுக்குப் போனான்.”