லாபம் ஏறியும் பங்கு ஏன் இறங்குகிறது?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்க நிற்கும் வியாபாரி, படகு கரை சேருமுன்பே மனசுக்குள் விலை போட்டுவிடுவார். பெரிய வஞ்சிரம் மாட்டியிருக்கிறது என்று போனில் தகவல் வந்து, கடைசியில் நடுத்தர மீன் இறங்கினால் ஏலமும் இறங்கும். மீன் நல்ல மீன்தான். நினைத்து வந்த அளவு இல்லை, அவ்வளவே.

ஐடி பங்குகளிலும் இதே கணக்குதான். 2023 ஏப்ரல் 13 மாலை இன்ஃபோசிஸ் காலாண்டு முடிவை வெளியிட்டது. லாபம் முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிடக் கூடியிருந்தது. ஆனால் அடுத்த நிதியாண்டின் வருவாய் வளர்ச்சி 4 முதல் 7 சதவீதம்தான் இருக்கும் என்றது நிறுவனம். சந்தை அடுத்துத் திறந்த 17ஆம் தேதி, பங்கு 9 சதவீதத்துக்கு மேல் சரிந்து முடிந்தது.

இவ்வளவு சரிவு எப்படி வருகிறது? பங்கின் விலை என்பது இரண்டு எண்களின் பெருக்கல்: ஒரு பங்குக்கு எதிர்பார்க்கும் லாபம், அதற்குச் சந்தை கொடுக்கும் மடங்கு, அதாவது பிஇ. லாபம் 60 ரூபாய், மடங்கு 25 என்றால் விலை 1,500. வளர்ச்சி மந்தம் என்று தெரிந்ததும் லாபக் கணிப்பு 57 ஆகிறது; வெறும் 5 சதவீதக் குறைவு. மெதுவாக வளரும் நிறுவனத்துக்கு 25 மடங்கு யார் தருவார்? அது 22.5 ஆகிறது. 57 × 22.5 = 1,282.50. சரிவு 14.5 சதவீதம்! ஏறும்போதும் இந்த இரட்டை அடி உண்டு, அப்போது யாரும் கேள்வி கேட்பதில்லை.

முடிவு பெரும்பாலும் சந்தை மூடிய பிறகே வரும். மறுநாள் காலை 9 மணிக்கு முன்திறப்பு நேரம் தொடங்கும். சுமார் 9:08 வரை ஆர்டர் சேரும். எந்த விலையில் அதிகப் பங்குகள் கைமாறுமோ, அதுவே தொடக்க விலை. ஆக 9:15க்கு வழக்கமான வணிகம் தொடங்கும்போது, முதல் விலையே முந்தைய நாள் விலையிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கலாம். 1,450இல் ஸ்டாப் லாஸ், அதாவது விலை அந்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர், போட்டவர்கள் ஏமாறுவது இங்கேதான். பங்கு 1,300இல் திறந்தால், மார்க்கெட் வகை ஸ்டாப் லாஸ் 1,300ஐ ஒட்டிய விலைக்கே விற்கும். 1,445க்குக் கீழே விற்காதே என்று லிமிட் வைத்திருந்தால், விலை அங்கே திரும்பும்வரை விற்கவே விற்காது. நடுவில் வாங்க ஆளே இல்லாதபோது எந்த ஆர்டரும் அந்த விலையைப் பிடித்துத் தராது.

பங்கை ஆராய்ந்து அறிக்கை எழுதும் அனலிஸ்டுகள், தாங்கள் சொன்ன டார்கெட்டை, அதாவது பங்கு எட்டும் என்று கணித்த விலையை, குறைப்பது பெரும்பாலும் சரிவுக்குப் பிறகு அல்லது அதே காலையில். நிறுவனத்தின் முன்கணிப்பை வைத்துத்தான் அவர்களின் கணக்குத்தாள் ஓடுகிறது; அது மாறியதும் டார்கெட்டும் மாறியாக வேண்டும். ஆகவே டார்கெட் குறைப்பைப் பார்த்து விற்பது, ஏலம் முடிந்தபின் விலை கேட்பது மாதிரி. ‘வாங்கலாம்’ என்ற முத்திரை அப்படியே இருக்க, அறிக்கைக்குள் இருக்கும் அட்டவணையில் லாபக் கணிப்பு 60இலிருந்து 57க்கு இறங்கியிருக்கும். முதலில் திறக்க வேண்டியது அந்த அட்டவணையை. கூடவே வருவாய் வளர்ச்சியை நிலையான நாணய மதிப்பில், அதாவது நாணய மாற்று விகிதம் மாறவில்லை என்று வைத்துப் போட்ட கணக்கில், பார்க்க வேண்டும். டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்த காலாண்டில், புதிதாக ஒரு வேலை கிடைக்காமலேயே ரூபாய்க் கணக்கில் வருவாய் வீங்கித் தெரியும்.