‘தொடர்புடைய சந்தை’ என்றொரு பிழை

ஒரு தொழில்நுட்ப நிறுவனம் இன்னொன்றை விலைக்கு வாங்கினால் போதும், ‘தொடர்புடைய சந்தை’ செய்திகளில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நிறுவனங்கள் போட்டியை நசுக்காமல் காக்கும் போட்டிச் சட்டம் சொல்லும் ‘ரெலவன்ட் மார்க்கெட்’டுக்கு யாரோ போட்ட தமிழ், மூலத்தின் பொருளையே கவிழ்த்துவிடுகிறது.

‘ரெலவன்ட்’டுக்கு வேர் லத்தீன். ஸ்காட்லாந்துச் சட்டமொழியில் ‘வழக்குக்குச் செல்லுபடியாகிற’ என்று பொருள்பட்டது. இந்த அளவு போதும்.

சட்டத்தில் இச்சொல்லின் வேலை எல்லை கட்டுவது: எந்தெந்தப் பொருள்கள் ஒன்றுக்கொன்று மாற்றாகிப் போட்டியிடுகின்றன என்று வரையறுப்பது. நிறுவனங்கள் இணைவதை ஆராய 1982இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல்கள் தந்த சோதனையைப் பாருங்கள். ஒரு பொருளை ஒரே ஒரு ஏகபோகிதான் விற்கிறான் என்று வைத்துக்கொண்டு, விலையை 5% ஏற்றிப் பார்க்க வேண்டும். விலை 100, கூடுதலாக ஒன்று விற்க ஆகும் செலவு 40, வாடிக்கையாளர் 100 பேர்: லாபம் 6,000. விலை 105 ஆனதும் 7 பேர் விலகினால் லாபம் 6,045. ஏற்றம் கட்டுபடியாகிறது, எல்லை அங்கேயே நிற்கும். 8 பேர் விலகினால் 5,980. அவர்கள் ஓடிப்போன மாற்றுப் பொருளையும் உள்ளே சேர்த்துக்கொண்டு மறுபடி கணக்குப் போட வேண்டும்.

2004இல் ஆரக்கிள் என்ற மென்பொருள் நிறுவனம், போட்டி நிறுவனமான பீப்பிள்சாஃப்டை வாங்குவதைத் தடுக்க அமெரிக்க அரசு வழக்காடியது. அவ்விரண்டும் எஸ்ஏபி என்ற இன்னொரு நிறுவனமும் மட்டுமே விற்கும் உயர்திறன் நிர்வாக மென்பொருள்தான் சந்தை என்றது. நீதிமன்றம் அந்த எல்லையை ஏற்கவில்லை, அரசு தோற்றது.

இப்போது ‘தொடர்புடைய’ என்று சொல்லிப் பாருங்கள். கணினியும் அச்சுப்பொறியும் தொடர்புடையவை, ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. எல்லை கட்டும் சொல்லுக்கு வேலி பிடுங்கும் தமிழ்! அதைவிடச் சிக்கல் ஒன்றுண்டு. 2023இன் அமெரிக்க வழிகாட்டுதல்களில் ‘ரிலேட்டட் பிராடக்ட்’, அதாவது தொடர்புடைய பொருள், என்று தனிக் கலைச்சொல்லே இருக்கிறது: போட்டியாளர் களத்தில் நிற்கத் தேவைப்படும் பொருள். வீடியோ கேம் நிறுவனமான ஆக்டிவிஷனை மைக்ரோசாஃப்ட் வாங்கியது குறித்த வழக்கில் ஆக்டிவிஷனின் ‘கால் ஆஃப் டூட்டி’ விளையாட்டு அந்த இடத்தில். வீடியோ கேம் ஆடும் கருவிகள் சந்தையின் இடத்தில். இரண்டுக்கும் ‘தொடர்புடைய’ என்றே எழுதினால் குற்றச்சாட்டு எதன் மீது என்றே புரியாது. ‘பொருத்தமான சந்தை’ இன்னும் மோசம். சரக்கு விற்கத் தோதான இடம் தேடுவதுபோல ஒலிக்கிறது.

‘உரிய சந்தை’ என்றால் தீர்ந்தது. உரிய அதிகாரி, உரிய படிவம் என்று அன்றாடம் சொல்கிறோமே, பலவற்றுள் இதற்கென்று உள்ளது எது என்பதைச் சுட்டும் சொல் அது. கட்டுரையில் முதன்முறை வரும்போது மட்டும் ‘வழக்குக்குரிய சந்தை’ என்று விரித்துவிட்டால் ஐயமே எழாது. தூய்மை கருதி ‘உரிய அங்காடி’ என்பாரும் உண்டு. அங்காடி நல்ல சொல்தான். ஆனால் கடைகள் இருக்கும் இடத்தைத்தான் கண்முன் நிறுத்தும், தேடுபொறி விளம்பரத்துக்கு ஒட்டாது.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் கோளாறு. மேற்சொன்ன சோதனையில் ‘நான்-டிரான்சிட்டரி’ விலையேற்றம் என்று ஒரு நிபந்தனை வரும். அதை ‘இடைநிலை அல்லாத’ என்று எழுதினால் என்ன விளங்கும்? ‘நீடிக்கும் விலையேற்றம்’, அவ்வளவுதான்.