ஜூரிஸ்டிக்ஷன்: விவாகரத்து வழக்கைக் கேட்கும் அதிகாரம் எந்தக் கோர்ட்டுக்கு?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் குடும்ப வழக்கு என்று பேச்செடுத்தால் இந்தச் சொல் எப்படியும் வந்துவிடும். "பையன் வீட்டுல பெங்களூர்ல கேஸ் போட்டுட்டாங்க, பொண்ணு தர்மபுரியில போட்டிருக்கு, யாருக்கு ஜூரிஸ்டிக்ஷன்?" என்பார்கள். கேட்பவர் மனதில் இருப்பது பெரும்பாலும் அத்திப்பள்ளி டோல்கேட்தான். அந்தப் பக்கம் கர்நாடகா, இந்தப் பக்கம் தமிழ்நாடு, ஏதாவது ஒரு மாநிலம்தானே ஜெயிக்க வேண்டும் என்ற கணக்கு. இந்தியச் சட்டத்தில் அந்தக் கணக்கு செல்லாது.

முதலில் சொல். லத்தீனில் 'யூஸ்' என்றால் சட்டம், உரிமை. 'டிக்தியோ' என்றால் சொல்லுதல். இரண்டும் சேர்ந்து 'சட்டம் இன்னதென்று சொல்லுதல்' என்ற பொருளில் ரோமானியர்களிடம் இருந்தது, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. மூலச் சொல்லில் எல்லையும் இல்லை, வரைபடமும் இல்லை. வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல ஒருவருக்கு இருக்கிற தகுதி, அவ்வளவுதான். ஊர், தாலுகா, மாவட்டம் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

தமிழில் இதற்குப் பல சொற்கள் உலவுகின்றன. 'அதிகார வரம்பு' எல்லாருக்கும் தெரிந்தது. 'ஆள்வரை' என்பது சட்ட அகராதிகளிலும் ஒப்பந்தப் பத்திரங்களிலும் வருவது. இலங்கைத் தமிழர்கள் 'நியாயாதிக்கம்' என்று எழுதுவார்கள். ஓசூர்க்காரர்களுக்குக் கன்னடத்தின் 'நியாயவ்யாப்தி'யும் தெலுங்கின் 'அதிகார பரிதி'யும் காதில் விழுந்திருக்கும். போலீஸ் பேச்சில் இதுவே 'சரகம்'. ஆள்வரையில் உள்ள 'வரை'க்கு இன்னொரு பழைய பொருளும் உண்டு. சங்க அகப்பாடல்களில் வரைதல் என்றால் மணம் முடிப்பது, 'எப்போது வரைந்துகொள்வாய்?' என்று தோழி தலைவனை நெருக்குவதற்கு 'வரைவு கடாதல்' என்றே பெயர். அதே 'வரை' இன்று மணமுறிவு மனுவில் வந்து உட்கார்ந்திருப்பது ஒரு வேடிக்கை.

இவற்றில் எதை எடுத்துக்கொள்வது? பொதுவாகச் சொல்ல 'அதிகார வரம்பு' போதும். ஊரை வைத்து வரும் அதிகாரத்தை மட்டும் தனியாகக் குறிக்க 'ஆள்வரை' நல்ல சொல். வெறும் 'எல்லை' என்பதைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. எல்லை என்றதும், வயல் வரப்பு மாதிரி, இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கத்தாருக்குச் சொந்தமில்லை என்ற நினைப்பு வந்துவிடுகிறது. கோர்ட்டுகளின் அதிகாரம் அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. ஒரே கல்யாணத்தின் மேல் மூன்று கோர்ட்டுகளுக்கு ஒரே நேரத்தில் அதிகாரம் இருக்கலாம்.

எப்படி என்று பார்க்கலாம். பாலக்கோட்டுப் பெண், கர்நாடகத்தின் ஆனேக்கல் மாப்பிள்ளை. கல்யாணம் கிருஷ்ணகிரி மண்டபத்தில். குடித்தனம் பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில். சண்டை வந்து பெண் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 19-வது பிரிவு இங்கே கேட்பது சில எளிய கேள்விகள்தான். கல்யாணம் எங்கே நடந்தது? மனு போடும் நாளில் எதிர்மனுதாரர், அதாவது யார்மேல் மனுப் போடப்படுகிறதோ அவர், எங்கே வசிக்கிறார்? இருவரும் கடைசியாக எங்கே சேர்ந்து வாழ்ந்தார்கள்? மனு போடுவது மனைவி என்றால், அவர் இப்போது எங்கே வசிக்கிறார்? இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு விடையாகும் ஊர் எந்தக் கோர்ட்டின் கீழ் வருகிறதோ அங்கே மனுப் போடலாம். எதிர்த்தரப்பு இந்தச் சட்டம் செல்லாத வெளிநாட்டில் இருந்தாலோ, ஏழு வருடமாக உயிரோடு இருப்பதாகத் தகவலே இல்லை என்றாலோ, மனுதாரர் தன் ஊரிலேயே போடலாம்.

ஆக, கல்யாணம் நடந்ததால் கிருஷ்ணகிரிக்கு அதிகாரம் உண்டு. சேர்ந்து வாழ்ந்ததால் பெங்களூருக்கும் உண்டு. பெண் பாலக்கோட்டில் இருப்பதால் தர்மபுரி மாவட்டத்துக்கும் உண்டு. கணவரேகூட தர்மபுரியில் போடலாம், ஏனென்றால் எதிர்மனுதாரர் அங்கேதான் வசிக்கிறார்.

ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. 'நான் இங்கே குடியிருக்கிறேன்' என்பது மட்டுமே மனைவிக்குப் போதும், கணவருக்குப் போதாது. அவர் வேலை மாறி ஆந்திராவில் குப்பத்துக்குத் தனியாகக் குடிபோய்விட்டார் என்று வையுங்கள். குப்பம் கோர்ட்டில் அவர் மனுப் போட முடியாது. கல்யாணம் அங்கே நடக்கவில்லை, சேர்ந்து வாழ்ந்ததும் அங்கே இல்லை, மனைவியும் அங்கே இல்லை. ஆனால் மனைவி நினைத்தால் அவர்மேல் குப்பத்தில் போடலாம். மனைவிக்கான இந்த வசதி 2003-இல் வந்த திருத்தம். அதற்கு முன்னால், கல்யாணமும் குடித்தனமும் மாப்பிள்ளை ஊரிலேயே நடந்திருந்தால், அப்பா வீட்டில் இருக்கும் பெண் விவாகரத்துக்கு அந்த ஊருக்கே பஸ் ஏற வேண்டும்.

மதச் சடங்கு இல்லாமல் பதிவாளர் முன் செய்யும் கல்யாணத்துக்கான சிறப்புத் திருமணச் சட்டத்திலும் மனைவிக்கு இந்த வசதி உண்டு. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தில் இப்படித் தனி வழி எழுதப்படவில்லை. கல்யாணம் நடந்த இடம், கணவன் மனைவி வசிக்கும் அல்லது கடைசியாகச் சேர்ந்து வசித்த இடம், இவ்வளவுதான் அங்கே.

இனி இருவரும் ஆளுக்கொரு மாநிலத்தில் போட்டுவிட்ட கதை. பெங்களூரில் அது எம்.சி. (மேட்ரிமோனியல் கேஸ்) நம்பராகும், இங்கே எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண அசல் மனு) நம்பராகும். இரண்டு கோர்ட்டுக்கும் அதிகாரம் இருக்கிறது. இரண்டு தீர்ப்பு வர விட முடியாது. இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்த்த 21ஏ பிரிவு இதற்கு ஒரு விதி சொல்கிறது: முதலில் போட்ட மனு எங்கே இருக்கிறதோ அங்கே பின்னால் போட்ட மனுவும் போக வேண்டும், இரண்டும் சேர்த்து விசாரிக்கப்பட வேண்டும். ஒரே மாநிலம் ஆனாலும் வெவ்வேறு மாநிலம் ஆனாலும் இதேதான் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அதனால்தான் சில வக்கீல்கள் "முந்திக்குங்க" என்று அவசரப்படுத்துகிறார்கள். ஆனால் இந்தப் பிரிவு விவாகரத்து, நீதிமுறைப் பிரிவு (கல்யாணத்தை முறிக்காமல் கோர்ட் உத்தரவோடு பிரிந்து வாழ்வது) ஆகிய இரண்டு வகை மனுக்களுக்கு மட்டும்தான். 'சேர்ந்து வாழ உத்தரவிடுங்கள்' என்று 9-வது பிரிவில் போடும் மனு இதில் வராது.

முந்திக்கொண்டவர் ஜெயித்துவிட்டார் என்றும் இல்லை. உரிமையியல் (சிவில்) நடைமுறைச் சட்டத்தின் 25-வது பிரிவில், ஒரு மாநிலத்துக் கோர்ட்டில் இருக்கும் வழக்கை இன்னொரு மாநிலத்துக் கோர்ட்டுக்கு மாற்ற உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 21ஏ வந்ததால் இந்த அதிகாரம் குறையவில்லை என்று 1981-லேயே தீர்ப்பு ஆகிவிட்டது. இதைத்தான் கோர்ட் வாசலில் 'டிரான்ஸ்ஃபர் மனு' என்கிறார்கள். அங்கே யார் முதலில் போட்டார் என்பதைவிட, யாரால் அலைய முடியும் என்பதே பெரிதாகப் பார்க்கப்படும். கைக்குழந்தை, வருமானம் இல்லாதது, துணைக்கு ஆள் இல்லாதது, ஜீவனாம்ச வழக்கு ஏற்கெனவே இந்த ஊரில் நடப்பது, இப்படி. பொதுவாக மனைவியின் வசதியைத்தான் பார்க்க வேண்டும் என்று 2022-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலக்கோட்டுப் பெண்ணுக்கு இன்னொரு சிரமமும் உண்டு. பெங்களூர் கோர்ட்டில் கன்னடமும் ஆங்கிலமும்தான், தமிழ்ப் பத்திரங்களை மொழிபெயர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு வீண் அலைச்சலைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் வழக்கை இங்கே கொண்டுவரச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பயனில்லை. அது தர்மபுரி வழக்கைச் சேலத்துக்கு மாற்றலாம், கிருஷ்ணகிரி வழக்கை வேலூருக்கு மாற்றலாம். வேறு மாநிலக் கோர்ட்டுக்கு அனுப்பவோ அங்கிருந்து இழுக்கவோ முடியாது. 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. மாநிலம் தாண்டினால் டெல்லிதான்.

'எந்த மாநிலம்?' என்ற கேள்வி நிஜமாகவே கேள்வியாக இருக்கும் நாடு அமெரிக்கா. இந்தியாவில் இந்து திருமணச் சட்டம் ஓசூருக்கும் ஆனேக்கலுக்கும் ஒன்றுதான். மாறுவது கோர்ட், பஸ், மொழி. அமெரிக்காவில் விவாகரத்துச் சட்டமே ஒவ்வொரு மாநிலத்துக்கும் வேறு, குடியிருப்புக் காலமும் வேறு. டெக்சாஸில் இருவரில் ஒருவர் மாநிலத்தில் ஆறு மாதமும் அந்த கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) 90 நாளும் இருந்திருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் பொதுவாக ஒரு வருடம். நெவாடா 1931-இல் இதை ஆறு வாரமாகக் குறைத்ததும் ரீனோ நகரத்துக்கு விவாகரத்துக்காகவே வரும் கூட்டம் பெருகியது. அங்கே ஒரு மாநிலம் கொடுத்த விவாகரத்தை மற்ற மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று 1942-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம் 1945-இல், அதே வழக்கு திரும்பி வந்தபோது, 'அந்த ஆள் உண்மையாகவே அங்கே குடியிருந்தாரா என்று மற்ற மாநிலம் விசாரிக்கலாம்' என்றும் சேர்த்துக்கொண்டது. குழந்தை யாரிடம் இருப்பது என்ற கேள்விக்குத் தனிக் கணக்கு: குழந்தை கடைசி ஆறு மாதம் எந்த மாநிலத்தில் இருந்ததோ அதற்கே பொதுவாக முன்னுரிமை.

வேலைக்கு அங்கே போன நம் பிள்ளைகள் அந்த நாட்டு விவாகரத்துத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஊரில் இரண்டாம் கல்யாணத்துக்கு மண்டபம் பார்ப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். திருப்பதியில் கல்யாணம் செய்த ஒருவர், மிசௌரியில் 90 நாள் குடியிருந்ததாகக் காட்டி வாங்கிய விவாகரத்தை 1991-இல் நம் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. எந்தச் சட்டத்தின் கீழ் கல்யாணம் நடந்ததோ, அந்தச் சட்டம் ஒப்புக்கொள்ளும் கோர்ட்டும் காரணமும் வேண்டும் என்றது. எதிர்த்தரப்பு தானாக அங்கே ஆஜராகி, அந்தக் கல்யாணச் சட்டத்திலும் உள்ள காரணத்தின் மேல் வழக்காடியிருந்தாலோ, முழுச் சம்மதம் தந்திருந்தாலோ கதை வேறு.

சரி, சம்மன் வீட்டுக்கு வந்தால் இந்தச் சொல்லை எங்கே தேடுவது? மனுவின் கடைசிப் பக்கங்களில் 'வழக்குமூலம்' (வழக்குப் போடக் காரணமான நிகழ்வுகள்) என்று ஒரு பத்தி இருக்கும். திருமணம் இன்ன இடத்தில் நடந்தது, இருதரப்பும் கடைசியாக இன்ன முகவரியில் சேர்ந்து வாழ்ந்தது, ஆகவே இந்த நீதிமன்றத்தின் ஆள்வரைக்குள் வழக்குமூலம் எழுந்தது என்று நீளமாகப் போகும். பலரும் படிக்காமல் புரட்டிவிடுகிற பத்தி அது. அதில் உள்ள முகவரி பொய்யென்றால் முதல் வாய்தாக்களிலேயே எதிர்ப்பைப் பதிய வேண்டும். வழக்கின் எழுவினாக்கள் (கோர்ட் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்) வகுத்த பிறகு 'இந்த ஊர்க் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை' என்றால், அதைப் பொதுவாகக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். எதிர்ப்பு சரியென்றால் கோர்ட் மனுவைத் தள்ளுபடி செய்வதில்லை. உரிய கோர்ட்டில் போட்டுக்கொள்ளச் சொல்லித் திருப்பித் தந்துவிடும். ஆகவே இதை வைத்து விவாகரத்தையே தடுத்துவிடலாம் என்று நினைத்துச் செலவு செய்ய வேண்டாம். மாறுவது ஊர் மட்டும்தான்.