போட்டிக்கு எந்த ஆக்‌ஷன்? முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள்

இலக்கு சுடும் போட்டிக்கு ரைஃபிள் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஆக்‌ஷன் துல்லியமானது?" என்றுதான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் இறங்கப்போகும் போட்டியில் ஒரு குண்டுக்கு எத்தனை விநாடி கிடைக்கிறது என்று பாருங்கள், பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

ஆக்‌ஷன் என்பது தோட்டாவை அறைக்குள் தள்ளி, பின்பக்கத்தைப் பூட்டி, வெடிக்க வைத்து, காலிக் கூட்டை வெளியே எறிகிற பகுதி. போல்ட் ஆக்‌ஷனில் இதெல்லாம் கையால் நடக்கிறது. கைப்பிடியை முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால், கதவுத் தாழ்ப்பாள் மாதிரி போல்ட் திரும்பி, அதிலுள்ள லக் எனும் உலோகப் புடைப்புகள் உடலில் போய் மாட்டிக்கொள்ளும். .308 போன்ற பெரிய ரைஃபிள் தோட்டா வெடிக்கும்போது அழுத்தம் சுமார் 4,000 பார், அதாவது காற்றழுத்தத்தின் 4,000 மடங்கு வரை போகும், அத்தனையையும் தாங்குவது அந்த லக்குகள்தான். இரண்டு லக்குகளில் ஒன்று மட்டும் சரியாக ஒட்டி, மற்றது மயிரிழை இடைவெளியில் நின்றால், ஒவ்வொரு வெடிப்பிலும் ஆக்‌ஷன் ஒரு பக்கமாக நெளியும், குண்டுகள் இலக்கில் சிதறும். லக்குகளைத் தேய்த்துச் சமப்படுத்தும் வேலைக்கு நல்ல துப்பாக்கித் தொழிலாளர்கள் அவ்வளவு நேரம் ஒதுக்குவது அதனால்தான். .22 எல்.ஆர். எனும் சிறிய தோட்டாவின் அழுத்தம் இதில் பாதியைக்கூட எட்டாது, லக்குகள் போல்ட்டின் முன்முனையில் இல்லாமல் பின்பக்கத்தில் இருந்தாலே அதற்குப் போதும்.

அடுத்தது லாக் டைம். டிரிகர் விடுவித்த கணத்துக்கும், ஃபயரிங் பின் எனும் ஊசி போய் அடித்துத் தோட்டா பற்றிக்கொள்ளும் கணத்துக்கும் நடுவில் ஓடும் நேரம் இது. பழைய ராணுவ போல்ட் ரைஃபிள்களில் சுமார் 5 மில்லி விநாடி, இன்றைய போட்டி ரைஃபிள்களில் 2 மில்லி விநாடியை ஒட்டி. 3 மில்லி விநாடியில் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும். நின்றபடி சுடும்போது உங்கள் குறி 50 மீட்டர் தூரத்து இலக்கின்மேல் விநாடிக்கு 30 செ.மீ. வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த இடைவெளியில் அது 0.9 மி.மீ. தள்ளிப் போய்விடும். 50 மீட்டர் ரைஃபிள் போட்டியின் பத்து வளையம் மொத்தமே 10.4 மி.மீ. அகலம், தசமப் புள்ளி எண்ணும் இறுதிச் சுற்றில் 0.1 புள்ளி என்பது 0.8 மி.மீ. ஆக, ஒரு தசமம் போச்சு. கையசைவு குறைந்தவருக்கு இழப்பும் குறையும் என்பது வேறு விஷயம்.

இந்தக் காரணங்களால்தான் நிதானமாகச் சுடும் போட்டிகளில், அதாவது 50 மீட்டர், மேசையில் ரைஃபிளைத் தாங்க வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட், ஆயிரம் கெஜம் போன்றவற்றில், ஒற்றைக் குண்டு போல்ட் ஆக்‌ஷனை அசைக்க முடியவில்லை. தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினுக்காக அடியில் வெட்டு இல்லை, ஆக்‌ஷன் கெட்டியாக இருக்கிறது, தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டையில் (ஸ்டாக்) அழுந்த உட்காருகிறது. ஒரு காலத்தில் மார்ட்டினி ஆக்‌ஷனும் இங்கே கொடிகட்டிப் பறந்தது. லீவரை இறக்கினால் அறையை மூடியிருக்கும் பிளாக்கின் முன்பக்கம் கீழே இறங்கி அறை திறக்கும், லாக் டைமும் குறைவு. ஆனால் குழலைச் சுத்தம் செய்வதும் கட்டையை மாற்றுவதும் போல்ட்டில்தான் சுலபம்.

படுத்துச் சுடுகிறவரைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இன்னொன்று புரியும். இடது கையில் ஸ்லிங் எனும் வார் இறுகியிருக்கிறது, முழங்கை பாயில் ஊன்றியிருக்கிறது, அந்த முழங்கை ஒரு விரல் நகர்ந்தாலும் குறி மாறிவிடும். இரண்டு லக் போல்ட்டைத் திறக்க அவர் கைப்பிடியை 90 டிகிரி தூக்க வேண்டியிருந்தால் வலது தோள் எழும்புகிறது, கன்னம் கட்டையிலிருந்து விலகுகிறது. மூன்று லக் வைத்த போல்ட்டுக்கு 60 டிகிரி போதும். ஆனால் கைப்பிடியைத் தூக்கக் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும், சும்மா எதுவும் கிடைக்காது.

கடிகாரம் நெருக்கத் தொடங்கினால் கதை மாறுகிறது. அமெரிக்க ஹை பவர் போட்டியின் வேகச் சுற்றில், உட்கார்ந்து சுட்டால் 10 குண்டுகளுக்கு 60 விநாடி, படுத்துச் சுட்டால் 70. நடுவில் மேகசினும் மாற்ற வேண்டும். செமி ஆட்டோமேட்டிக்கில் வெடிப்பு வாயுவில் கொஞ்சம் திரும்ப வந்து போல்ட்டைத் தானே திறந்து மூடும், சுடுகிறவர் அசைய வேண்டியதில்லை. சர்வீஸ் ரைஃபிள் எனும் ராணுவ வகை ரைஃபிள்களுக்கான பிரிவில் 1990களின் நடுவில் ஏ.ஆர்-15 வகை, அதற்கு முந்தைய ராணுவ ரைஃபிளான எம்14-ஐ ஓரங்கட்டியது. குழலைத் தொடாத முன்பிடி வைக்கலாம், உதையும் குறைவு. குறை என்னவென்றால் ஹேமர் எனும் சுத்தி சுழன்று அடிப்பதால் லாக் டைம் கூடுதல், அந்தப் பிரிவின் விதிப்படி டிரிகரும் 4.5 பவுண்டு, ஏறக்குறைய 2 கிலோ, எடையைத் தாங்க வேண்டும்.

பயத்லான்தான் எனக்குப் பிடித்த உதாரணம். பனிச்சறுக்கில் மூச்சிரைக்க வந்து 5 குண்டு சுட வேண்டும், செமி ஆட்டோமேட்டிக் கூடாது. போட்டி .22-க்கு மாறியது 1978-இல், அதன் பிறகு வந்த ஃபோர்ட்னர் ஆக்‌ஷனில் கைப்பிடியைத் தூக்கவே வேண்டாம். ஆள்காட்டி விரலால் பின்னே இழுத்து, கட்டைவிரலால் முன்னே தள்ளினால் போதும், உள்ளங்கை பிடியை விட்டு நகராது. கையால் இயக்கும் ஆக்‌ஷனிலேயே இந்த வேகம் கிடைக்கும் என்பதை யோசித்த ஆள் கெட்டிக்காரர்.

லீவர் ஆக்‌ஷன் (டிரிகருக்குக் கீழுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றி இயக்குவது) தனியாக அதற்கென நடக்கும் போட்டிகளுக்கு மட்டும். பலவற்றில் குழலுக்கு அடியில் குழாய் மேகசின் தொங்குகிறது, தோட்டா தீரத் தீர எடை மாறி, குழலின் அதிர்வும் மாறும்.

புதிதாக வருகிறவர், விதி வேறு சொல்லாதவரை, .22 ஒற்றைக் குண்டு போல்ட்டில் தொடங்கலாம் என்பேன். வாங்கும் முன் அறை காலியா என்று பார்த்துவிட்டு, போட்டியில் இருக்கும் அதே நிலையில் படுத்து, குறி வைத்து, போல்ட்டைத் திறந்து மூடி, மறுபடி குறியைப் பாருங்கள். இலக்கு இன்னும் பார்வைக்குள் இருந்தால் சரி. ஒவ்வொரு முறையும் உடம்பைத் திருத்த வேண்டியிருந்தால் கட்டையின் அளவை மாற்றிப் பாருங்கள், அப்படியும் சரிவராவிட்டால் வேறு ஆக்‌ஷன் பாருங்கள். இப்படிச் சோதிக்கும்போது டிரிகரை வெறுமனே தட்ட வேண்டாம். .22-இல் ஃபயரிங் பின் தோட்டாவின் விளிம்பில் அடிப்பது, தோட்டா இல்லாவிட்டால் சில ரைஃபிள்களில் அறையின் ஓரத்திலேயே அடித்துத் தழும்பு விழும்.