மரபணுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடாதீர்கள்

சென்ற வாரமும் ஒருவர் வந்தார். அறுபதை நெருங்கும் அவருக்குச் சோறு நெஞ்சில் அடைக்கத் தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. இப்போது கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் அவருடைய மகன், உணவுக்குழாய்ப் புற்றுநோயின் முக்கிய மரபணுக்களைக் கணினி வழியே கண்டறிந்ததாகச் சொல்லும் ஆய்வுக்கட்டுரை ஒன்றை அச்செடுத்து, பத்துப் பெயர்களுக்குக் கீழே கோடிட்டுக் கொண்டு வந்திருந்தார். அப்பாவின் ரத்தத்தில் இந்தப் பத்தும் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும் ஆய்வகத்தைத் தேடியே அத்தனை வாரங்களும் கழிந்திருக்கின்றன. இந்த ஆண்டில் இப்படி வந்த மூன்றாவது குடும்பம் இது.

"இருக்கிறதா" என்ற கேள்வியே தவறு. அந்தப் பத்தும் அப்பாவிடம் இருக்கின்றன, மகனிடம் இருக்கின்றன, என்னிடமும் இருக்கின்றன. சிடிகே1, டாப்2ஏ போன்றவை செல் பிரிவதற்கு வேண்டிய மரபணுக்கள். அவை இல்லாமல் யாரும் உயிர்வாழ முடியாது. தண்ணீர்க் குழாய் எல்லார் வீட்டிலும் உண்டு. எந்த வீட்டில் மூடாமல் கொட்டுகிறது என்பதைத்தான் அந்தக் கட்டுரை அளக்கிறது. அதுவும் ரத்தத்தில் அல்ல, ஏற்கெனவே புற்றுநோய் என்று உறுதியாகி வெட்டியெடுத்த கட்டித் திசுவையும் அருகிலுள்ள நல்ல திசுவையும் ஒப்பிட்டு அளக்கிறது.

ஜியோ (GEO) போன்ற, மரபணு அளவீடுகளைச் சேமிக்கும் பொதுத் தரவுக் களஞ்சியங்களிலிருந்து அந்த அளவீடுகளை யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஏறத்தாழ 20,000 மரபணுக்களைச் சோதிக்கும்போது, ஒவ்வொன்றும் தற்செயலாகத் தேற நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு என்ற வரம்பை, சோதனைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்தாமல் வைத்தால், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாதபோதும் ஏறக்குறைய 1,000 பெயர்கள் தற்செயலாகத் தேறிவிடும். திருத்தம் செய்த பிறகு மிஞ்சுவனவற்றை ஸ்ட்ரிங், சைட்டோஸ்கேப் ஆகிய கணினிக் கருவிகளில் வலைப்பின்னலாக்கி, அதிக இணைப்புள்ளவற்றை 'முக்கிய மரபணு' என்கிறார்கள். வேகமாகப் பிரியும் திசுவை மெதுவாகப் பிரியும் திசுவோடு ஒப்பிட்டால் செல் பிரிவு மரபணுக்கள் மேலே வருவதில் வியப்பில்லை. கல்லீரல், நுரையீரல் கட்டுரைகளிலும் இதே பெயர்கள்தான் வருகின்றன.

மரபணு ஆய்வுத் துறையை நான் இழிவுபடுத்தவில்லை. 164 உணவுக்குழாய்க் கட்டிகளை ஆராய்ந்து 2017இல் வெளியான அமெரிக்கத் திட்டத்தின் முடிவுகள்தான், நம்மிடம் மிகுதியாகக் காணப்படும் செதிள்செல் வகையும் மேலைநாடுகளில் மிகுந்த சுரப்புத்திசு வகையும் மரபணு அளவில் வெவ்வேறு நோய்கள் என்பதைத் தெளிவாக்கின. மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் ஹெர்2, பிடி-எல்1 சோதனைகளும் உண்டு. ஆனால் அவற்றையும் எண்டோஸ்கோப்பியில், அதாவது வாய்வழியே கேமரா பொருத்திய குழாயை இறக்கிப் பார்க்கும்போது, கிள்ளியெடுத்த திசுவில்தான் செய்கிறோம்.

எனவே, கெட்டியான உணவு அடைக்கிறது என்றால், எடையும் குறைகிறது என்றால், அன்டாசிட் குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள். புகையிலையை, வெற்றிலையோடு மெல்வதையும் சேர்த்து, விட்டுவிடுங்கள், மதுவையும் விடுங்கள். காபியைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்க வேண்டாம். 65 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இலேயே வகைப்படுத்திவிட்டது. கட்டுரையையும் தாராளமாகக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்; அப்பாவை மட்டும் காலையில் வெறும் வயிற்றோடு அழைத்து வந்துவிடுங்கள்.