டைட்டனின் பங்குகள் யார் கையில்? பங்குடைமைப் பட்டியலும் செபி விதிகளும்

தனிஷ்க் கடையில் நகை வாங்குபவரிடம் அந்த நிறுவனம் யாருடையது என்று கேட்டால், டாட்டாவுடையது என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அது பிழையான பதில் அன்று. ஆனால் பாதிப் பதில். தனிஷ்க் கடைகளை நடத்தும் டைட்டன் கம்பெனியின் பங்குகளில் 27.88 சதவீதத்தை வைத்திருக்கும் தனிப்பெரும் பங்குதாரர், தமிழ்நாடு அரசுக்குச் சொந்தமான தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம், அதாவது டிட்கோ. டாட்டா சன்ஸும் அக்குழுமத்தின் பிற நிறுவனங்களும் சேர்ந்து வைத்திருப்பது சுமார் 25 சதவீதம். 1984இல் இரு தரப்பும் கூட்டாகத் தொடங்கி, ஓசூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலை அமைத்த நிறுவனம் இது. 2023-24ஆம் நிதியாண்டுக்கு டைட்டன் பங்கு ஒன்றுக்கு 11 ரூபாய் ஈவுத்தொகை வழங்கியபோது, 24.7 கோடிக்கும் மேற்பட்ட பங்குகளை வைத்திருக்கும் டிட்கோவின் பங்காக வந்தது சுமார் 272 கோடி ரூபாய். தமிழ்நாட்டு மக்களின் பணத்தோடு இவ்வளவு நேரடியாகத் தொடர்புடைய ஒரு செய்தி பலருக்கும் தெரியாமல் இருப்பது வருந்தத்தக்கது; ஏனெனில் இதைத் தெரிந்துகொள்ளும் வழியைச் சட்டம் எல்லோருக்கும் திறந்தே வைத்திருக்கிறது.

அந்த வழியின் பெயர் பங்குடைமைப் பட்டியல். சந்தையில் 'ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன்' என்பார்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும், ஒவ்வொரு காலாண்டும் முடிந்த 21 நாட்களுக்குள் இந்தப் பட்டியலைச் சந்தைக்கு அளிக்க வேண்டும் என்று, பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான செபி 2015இல் வகுத்த பட்டியலிடல் கடமைகள் குறித்த ஒழுங்குமுறைகளின் 31ஆம் விதி கூறுகிறது. இடையில் பங்கு மூலதனம் 2 சதவீதத்துக்கு மேல் மாறும்படி ஏதேனும் மறுசீரமைப்பு நடந்தால், அடுத்த காலாண்டு வரை காத்திருக்காமல் 10 நாட்களுக்குள் புதிய பட்டியலை அளித்தாக வேண்டும். மும்பைப் பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை ஆகியவற்றின் இணையதளங்களில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் இதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கோ ஒரு பங்கோ கூடத் தேவையில்லை.

பட்டியலின் முதற்பகுதி நிறுவனர்களுடையது; சந்தையில் இவர்களைப் புரமோட்டர்கள் என்பார்கள். நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் மட்டுமல்லாமல், அதன் கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருப்பவர்களும் அவர்களைச் சார்ந்த குழுமத்தினரும் இதில் அடங்குவர். டைட்டனில் டிட்கோவும் டாட்டா குழுமமும் சேர்ந்த இப்பகுதி 52.90 சதவீதம். அரசின் கழகம் நிறுவனராக இருந்தும் டைட்டன் அரசு நிறுவனம் ஆகாது. ஒரு நிறுவனத்தின் மூலதனத்தில் குறைந்தது 51 சதவீதம் அரசிடம் இருந்தால்தான் கம்பெனிகள் சட்டத்தின்படி அது அரசு நிறுவனம்.

இரண்டாம் பகுதியின் தலைப்பு 'பொது' என்பதாகும். இந்தச் சொல் புதியவர்களை எளிதில் ஏமாற்றிவிடும். மியூச்சுவல் ஃபண்டுகள், காப்பீட்டு நிறுவனங்கள், ஓய்வூதிய நிதியங்கள், வங்கிகள், அந்நிய நிறுவன முதலீட்டாளர்கள் ஆகிய எல்லா நிறுவன முதலீட்டாளர்களும் இந்தப் 'பொது'வில்தான் வருகிறார்கள். எல்.ஐ.சி. அரசுடைமை என்றாலும், டைட்டனைப் பொறுத்தவரை அது 'பொது'ப் பங்குதாரரே. மறைந்த முதலீட்டாளர் ராகேஷ் ஜுன்ஜுன்வாலாவின் குடும்பம் டைட்டனில் நெடுங்காலமாகப் பெரும் பங்குகளை வைத்திருக்கிறது. அவர்கள் நிறுவனரும் அல்லர், நிறுவன முதலீட்டாளரும் அல்லர். பொதுப் பிரிவில் 1 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பவரின் பெயர் பட்டியலில் வெளிப்படையாக இடம்பெற வேண்டும் என்பதால்தான் இத்தகையவர்களின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன.

தனிநபர்களைப் பட்டியல் இரண்டாகப் பிரிக்கிறது: 2 லட்சம் ரூபாய் வரை பங்கு மூலதனம் வைத்திருப்பவர்கள், அதற்கு மேல் வைத்திருப்பவர்கள். முதல் வரிசையைச் சிறு முதலீட்டாளர்களின் எண்ணிக்கையாகப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த 2 லட்சம் என்பது சந்தை மதிப்பு அன்று, முகமதிப்பு; அதாவது பங்குக்கு நிறுவனம் தன் கணக்கில் குறித்திருக்கும் அடிப்படை மதிப்பு. டைட்டன் பங்கின் முகமதிப்பு 1 ரூபாய் என்பதால், 2 லட்சம் பங்குகள் வரை வைத்திருப்பவர் இந்த வரிசையில்தான் வருவார். பங்கின் விலை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அவருடைய முதலீட்டின் மதிப்பு 60 கோடி ரூபாய். முகமதிப்பு 10 ரூபாயாக உள்ள வேறொரு நிறுவனத்தில் அதே எல்லை 20,000 பங்குகளோடு முடிந்துவிடும். ஆகவே இரண்டு சில்லறை வணிக நிறுவனங்களின் 'சிறு முதலீட்டாளர்' விகிதத்தை அருகருகே வைத்து ஒப்பிடுவதற்கு முன், அவற்றின் முகமதிப்பைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

நிறுவனர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமா என்றால், முடியாது. பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் பங்குகளில் குறைந்தது 25 சதவீதம் பொதுப் பிரிவில் இருக்க வேண்டும் என்று 1957ஆம் ஆண்டின் பங்குப் பத்திர ஒப்பந்தங்கள் ஒழுங்குமுறை விதிகளில் 2010இல் செய்யப்பட்ட திருத்தம் கூறுகிறது. புதிதாகச் சந்தைக்கு வரும் நிறுவனங்களுக்கு இதற்கு அவகாசம் உண்டு. டிமார்ட் கடைகளை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் 2017 மார்ச்சில், பங்கு ஒன்று 299 ரூபாய் என்ற விலையில் வெளியீடு நடத்திச் சந்தைக்கு வந்தபோது, ராதாகிஷன் தமானி தலைமையிலான நிறுவனர்களிடம் சுமார் 82 சதவீதப் பங்குகள் இருந்தன. மூன்றாண்டுக் கெடு 2020 மார்ச்சில் முடியவிருந்தது. 2020 பிப்ரவரியில் நிறுவனம் 2 கோடிப் புதிய பங்குகளைத் தலா 2,049 ரூபாய்க்குப் பெரும் நிறுவன முதலீட்டாளர்களுக்கு வழங்கி 4,098 கோடி ரூபாய் திரட்டியது; அதே மாதத்தில் தமானி தம் பங்குகளில் ஒரு பகுதியைச் சந்தை வழியாக விற்றார். இரண்டும் சேர்ந்து நிறுவனர்களின் பங்கை 75 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்தன. இதில் முதல் நடவடிக்கையைக் கவனிக்க வேண்டும்: நிறுவனர்கள் ஒரு பங்கைக்கூட விற்காமலேயே, மொத்தப் பங்குகள் பெருகியதால் அவர்களின் சதவீதம் குறைந்தது. நிறுவனர் பங்கு குறைந்துவிட்டது என்ற செய்தியைக் கண்டதும் பதறுபவர்கள், சதவீதத்தோடு பங்குகளின் எண்ணிக்கையையும் பார்த்தால், விற்றார்களா இல்லையா என்பது தெளிவாகிவிடும்.

சதவீதம் என்பது வாக்குரிமையும்கூட. பங்குதாரர்களின் வாக்கெடுப்பில், சாதாரணத் தீர்மானத்துக்கு அளிக்கப்பட்ட வாக்குகளில் பாதிக்கு மேல் போதும். சிறப்புத் தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். எல்லாப் பங்குதாரர்களும் ஒருபோதும் வாக்களிப்பதில்லை என்பதால், 75 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கும் நிறுவனர்கள் சிறப்புத் தீர்மானத்தைக்கூடப் பெரும்பாலும் தாமாகவே நிறைவேற்றிக்கொள்ள இயலும். டைட்டனின் நிலை வேறு. அங்கே நிறுவனர்கள் இருவரும் ஒருமித்து நின்றாலும் மற்றவர்கள் பெருமளவில் எதிர்த்தால் சிறப்புத் தீர்மானம் தோற்கும். எனவே நிறுவன முதலீட்டாளர்களின் வாக்குக்கு அங்கே உண்மையான கனம் இருக்கிறது. அதே போல, நிறுவனத்துக்கும் அதன் நிறுவனர்களுக்கும் இடையிலான முக்கியமான பரிவர்த்தனைகளுக்கு ஒப்புதல் கேட்கும்போது, தொடர்புடைய தரப்பினர் தீர்மானத்தை ஆதரித்து வாக்களிக்க முடியாது. எவ்வளவு பெரிய நிறுவனராக இருந்தாலும் அந்த ஓரிடத்தில் முடிவு மற்றவர்கள் கையில்தான். சிறு முதலீட்டாளருக்குச் சட்டம் தந்திருக்கும் பாதுகாப்புகளில் மிக வலுவானது இதுவே என்பது என் கருத்து.

நிறுவன முதலீட்டாளர்களுக்கும் எல்லைகள் உண்டு. ஒரு மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனத்தின் எல்லாத் திட்டங்களும் சேர்ந்து, வாக்குரிமையுள்ள பங்குகளில் 10 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அந்நிய நிறுவன முதலீட்டாளர் ஒருவரின் பங்கு, அவருடைய குழுவினரையும் சேர்த்து, 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தாம் முதலீடு செய்த நிறுவனங்களின் தீர்மானங்களில் வாக்களிக்க வேண்டியது 2022 ஏப்ரல் முதல் மியூச்சுவல் ஃபண்டுகளுக்குக் கட்டாயம்; எப்படி வாக்களித்தார்கள் என்பதையும் அவர்கள் வெளியிட வேண்டும். மாதச் சேமிப்பாக ஆயிரம் ரூபாய் போடுபவரின் பெயரால் அளிக்கப்படும் வாக்கு அது.

இனி உள்ளிருப்பவர்கள், அதாவது இன்சைடர்கள். நிறுவனர் என்பதும் இன்சைடர் என்பதும் ஒன்றல்ல. 2015ஆம் ஆண்டின் உள்வணிகத் தடை ஒழுங்குமுறைகளின்படி, நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள், அல்லது இன்னும் வெளியாகாத, விலையைப் பாதிக்கக்கூடிய தகவலைக் கையில் வைத்திருப்பவர்கள் யாவரும் இன்சைடர்களே. ஒரு பங்குகூட இல்லாத கணக்காளரும், தணிக்கையாளரும், நிறுவனத்தின் வழக்கறிஞரும் இதில் வரலாம். டைட்டனின் தலைவர் பொறுப்பில் டிட்கோவின் சார்பில் தமிழ்நாட்டின் மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் அமர்வது வழக்கம். தம் பெயரில் ஒரு பங்கும் இல்லாவிட்டாலும் அவரும் இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவரே.

சில்லறை வணிகத்தில் இந்தத் தகவல் எப்படிப்பட்டது என்பதற்கு 2024 ஜூலை நல்ல எடுத்துக்காட்டு. அந்த மாத மத்திய பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரி குறைந்த செய்தி ஊரறிந்தது. அதை வைத்துப் பங்கு வாங்குவதும் விற்பதும் யாருக்கும் குற்றமன்று. ஆனால் பழைய வரியில் வாங்கிய தங்கம் ஒரு நகை நிறுவனத்தின் கையிருப்பில் எவ்வளவு இருந்தது, அதனால் அந்தக் காலாண்டில் எவ்வளவு இழப்பு ஏற்படும் என்ற கணக்கு நிறுவனத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்தது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, அது வெளியாகும் முன் பங்கை விற்பதே குற்றம். தீபாவளி, அட்சய திருதியை விற்பனைக் கணக்கும் இப்படித்தான்.

எனவே ஒவ்வொரு காலாண்டும் முடிந்தவுடன், நிதி முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும் வரை, குறித்துரைக்கப்பட்ட பதவிகளில் உள்ளவர்களும் அவர்களின் நெருங்கிய குடும்பத்தினரும் அந்த நிறுவனத்தின் பங்குகளில் வணிகம் செய்ய முடியாது. டைட்டனும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸும் காலாண்டு முடிந்த சில நாட்களிலேயே விற்பனை நிலவரத்தைச் சுருக்கமாக அறிவிக்கின்றன; அந்த அறிவிப்பு வந்துவிட்டதால் தடை நீங்கிவிடாது. மற்ற நாட்களில் அவர்கள் வாங்கலாம், விற்கலாம். ஆனால் ஒரு காலாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் வணிகம் நடந்தால் இரண்டு வணிக நாட்களுக்குள் நிறுவனத்துக்கும், அங்கிருந்து அடுத்த இரண்டு நாட்களுக்குள் சந்தைக்கும் அது தெரிவிக்கப்பட வேண்டும். வாங்கிய ஆறு மாதங்களுக்குள் விற்பது, விற்ற ஆறு மாதங்களுக்குள் வாங்குவது ஆகிய எதிர்வணிகமும் கூடாது. மீறுவோருக்கு, செபி சட்டத்தின் 15ஜி பிரிவின்படி, குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதம். அதிகபட்சம் 25 கோடி ரூபாய் அல்லது ஈட்டிய லாபத்தின் மூன்று மடங்கு, இவற்றுள் எது கூடுதலோ அது.

ஒரு நிர்வாகி தம் பங்குகளில் சிலவற்றை விற்றதாக அறிவிப்பு வந்தால், அதை வைத்து மட்டும் நிறுவனத்துக்கு ஆபத்து என்று முடிவு கட்டுவது தவறு. பணியாளர்களுக்குச் சலுகை விலையில் வழங்கப்பட்ட பங்குகளை வரி கட்டவோ வீடு வாங்கவோ விற்பவர்கள் ஏராளம். எத்தனை பேர், எவ்வளவு காலமாக, தம் கையிருப்பில் எந்த அளவை விற்கிறார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் விளங்கும்.

என்னைக் கேட்டால், சதவீதத்துக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது, நிறுவனர் பகுதியிலுள்ள அடமானப் பத்தி. தம் பங்குகளை ஈடாக வைத்து நிறுவனர்கள் கடன் வாங்கியிருந்தால் அந்த எண்ணிக்கை அங்கே இருக்கும். பங்கின் விலை சரியும்போது கடன் கொடுத்தவர் கூடுதல் ஈடு கேட்பார்; கொடுக்க இயலாவிட்டால் அடமானப் பங்குகளை எடுத்துக்கொள்வார். பிக் பஜார் கடைகளை நடத்திய ஃபியூச்சர் ரீடெய்லில் 2020இல் இதுவே நடந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பங்கு விலை வீழ்ந்தபோது, நிறுவனர்கள் அடமானம் வைத்திருந்த பங்குகளைக் கடன் கொடுத்தவர்கள் கைப்பற்றினர்; 2022 ஜூலையில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. அடமானத்தின் அளவு பட்டியலில் காலாண்டு தோறும் வந்துகொண்டுதான் இருந்தது. நிறுவனர்கள் தம் பங்குகளில் பாதியையோ, நிறுவனத்தின் மொத்த மூலதனத்தில் 20 சதவீதத்தையோ அடமானம் வைத்தால் அதற்கான காரணத்தையும் வெளியிட வேண்டும் என்று 2019 முதல் செபி கேட்கிறது.

பட்டியலுக்கு ஒரு குறை உண்டு: அது காலாண்டின் கடைசி நாளின் நிலவரம் மட்டுமே. நடுவில் நடந்ததை வேறு இரண்டு இடங்களில் தேடலாம். மியூச்சுவல் ஃபண்டுகள் தம் பங்குத் திட்டங்களின் கையிருப்பை மாதம் முடிந்த 10 நாட்களுக்குள் வெளியிடுகின்றன. ஒருவரின் பங்கு 5 சதவீதத்தைத் தொட்டாலும், அதன்பின் 2 சதவீதம் மாறினாலும், இரண்டு வேலை நாட்களுக்குள் சந்தைக்குத் தெரிய வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் கையகப்படுத்தல் விதி. 25 சதவீதத்தை எட்டுபவர், மற்றப் பங்குதாரர்களிடமிருந்து குறைந்தது மேலும் 26 சதவீதத்தை வாங்க முன்வந்து பொது அழைப்பு விடுக்க வேண்டும். சிறு பங்குதாரர் விரும்பினால் அந்த விலைக்குத் தம் பங்கைக் கொடுத்துவிட்டு வெளியேறலாம்.

பட்டியல் உரிய நாளில் வரவில்லை என்றாலோ, தம் பங்குகள் தொடர்பாக நிறுவனம் கடமை தவறியது என்றாலோ, செபியின் ஸ்கோர்ஸ் இணையதளத்தில் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம். 21 நாட்களுக்குள் நிறுவனம் பதிலளிக்க வேண்டும். ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் தீர்மானங்களில் இணையவழியே வாக்களிக்கலாம். இந்த வாக்குப்பதிவு குறைந்தது மூன்று நாட்கள் திறந்திருந்து, கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடப்படும். கூட்டம் முடிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் முடிவுகள் சந்தைக்கு வந்தாக வேண்டும். நிறுவனர்கள், நிறுவன முதலீட்டாளர்கள், பிறர் என்ற மூன்று பிரிவினரும் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எத்தனை வாக்குகளை ஆதரவாகவும் எதிராகவும் அளித்தார்கள் என்பது அதில் தனித்தனியே இருக்கும்.